ஏழு வரிசைக்குள் நானூறு சேனல்

ரிமோட்டில் ‘கைடு’ பட்டனை அழுத்தியதும் கட்டம் கட்டமாக ஒரு பக்கம் திரையில் விரிகிறது. இடது ஓரத்தில் சேனல்களின் பெயர்கள், மேலே அரை மணிக்கு ஒன்றாக நேரங்கள், நடுவே நிகழ்ச்சிகள். புதிதாக டிவி வாங்குகிறவர்கள் திரையின் அகலத்தைக் கேட்கிறார்கள், படத்தின் துல்லியத்தைக் கேட்கிறார்கள், ஸ்பீக்கரின் வாட் கணக்கைக்கூடக் கேட்கிறார்கள். இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று கேட்பவர் அரிது. ஆனால் வாங்கிய பிறகு தினமும் மல்லுக்கட்டப் போவது இதனோடுதான். ஸ்மார்ட்போனைத் தொடத் தயங்கும் முதியவரும், எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுவனும், அடுப்பில் குழம்பைக் கொதிக்கவிட்டு ஓடிவந்து சேனல் மாற்றுகிறவரும் ஒரே திரையை, ஒரே ரிமோட்டால், எந்தப் பயிற்சியும் இல்லாமல் இயக்கியாக வேண்டும். ஊர் முழுவதற்கும் ஒரே அளவில் சட்டை தைக்கச் சொல்கிற வேலை இது. இந்த வேலையை எதை வைத்து எடைபோடுவது? நிறம், அசைவு, வசதிகளின் எண்ணிக்கை என்று விளம்பரங்கள் பட்டியல் போடுகின்றன. என் கணிப்பில் அவையெல்லாம் பின்வரிசையில் உட்கார வேண்டியவை. நேற்று இருந்த இடத்தில் இன்றும் இருக்கிறதா, ஒரு பட்டனை அழுத்துமுன்பே அது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிகிறதா என்ற இரண்டும்தான் நிகழ்ச்சி வழிகாட்டிக்கு முதல் தகுதி. இடம் மாறாத வழிகாட்டி பார்க்கச் சுமாராக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். இடம் மாறுகிற வழிகாட்டி எவ்வளவு பளபளத்தாலும் வீட்டில் சண்டைதான்.

இதை வலியுறுத்தக் காரணம், கையில் இருக்கும் கருவி. கணினியில் மவுஸை எங்கே வேண்டுமானாலும் இழுக்கலாம். செல்போனில் விரும்பிய இடத்தைத் தொடலாம். டிவியில் நமக்குக் கிடைத்திருப்பவை நான்கு அம்புக்குறிகளும் ஓர் ‘ஓகே’யும். திரையில் எந்தக் கட்டம் இப்போது நம் வசம் இருக்கிறது என்பதை நிறம் மாற்றிக் காட்டுவார்கள். துறைக்காரர்கள் அதை ஃபோகஸ் என்பார்கள். அந்த ஃபோகஸை ஒரு கட்டம் நகர்த்த ஓர் அழுத்து. பத்துக் கட்டம் நகர்த்தப் பத்து அழுத்து. ஆகவே டிவித் திரையில் தூரத்தை அங்குலத்தில் அளப்பதில் பயனில்லை, அழுத்துகளில்தான் அளக்க வேண்டும். ஒரு திரையில் ஏழு சேனல்கள் தெரிகின்றன, மொத்தம் நானூறு சேனல்கள் என்று வைத்துக்கொண்டால், தலை முதல் கால் வரை பார்க்க 58 திரைகளைக் கடக்க வேண்டும். யாரும் அப்படிக் கடப்பதில்லை. தேவையான சேனலின் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மூன்று இலக்கங்களைத் தட்டுகிறார்கள். விளக்கை அணைத்த அறையில் ரிமோட்டைப் பார்க்காமலே கட்டைவிரல் அந்த எண்களைத் தேடிப் போகிறது. நானூறு சேனல்களை ஒரு குடும்பம் சமாளிப்பது திரையின் உதவியால் அல்ல, விரலில் படிந்த இந்தப் பழக்கத்தால். அந்தப் பழக்கத்தை மதிக்கிற வடிவமைப்புக்கும் கலைக்கிற வடிவமைப்புக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கட்டம் போட்ட அட்டவணை திரைக்கு வருமுன் காகிதத்தில் இருந்தது. பிரிட்டனில் பிபிசியின் ரேடியோ டைம்ஸ் 1923-இல் தொடங்கியது. அமெரிக்காவில் டிவி கைடு இதழ் நாடு முழுவதற்குமாக 1953-இல் வெளிவந்தது. காகிதத்தில் கண் தாவலாம், பென்சிலால் வட்டம் போடலாம், பக்கத்தை மடித்து வைக்கலாம். 1981-இல் அமெரிக்காவில் யுனைட்டெட் வீடியோ சாட்டிலைட் குரூப் என்ற நிறுவனம் அட்டவணையைத் தொலைக்காட்சிக்கே கொண்டுவந்தபோது இந்தச் சுதந்திரங்கள் எல்லாம் பறிபோயின. கேபிள் நிறுவனத்தின் ஒரு சேனலில் அட்டவணை தானாக மேலே நகர்ந்துகொண்டே இருக்கும். நமக்கு வேண்டிய சேனல் கடந்துபோய்விட்டால் அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். பின்னாளில் ப்ரிவ்யூ கைடு என்று பெயர் பெற்ற இதை அமெரிக்கர்கள் பல ஆண்டுகள் பொறுமையாகப் பார்த்தார்கள். இதே காலத்தில் பிரிட்டனில் வேறொரு பாதை இருந்தது. பிபிசி 1974-இல் தொடங்கிய சீஃபாக்ஸ் என்ற எழுத்துச் சேவையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று இலக்க எண் உண்டு. காது கேளாதோருக்கான வசன வரிகள் 888. அது ஆண்டுக்கணக்கில் 888 ஆகவே இருந்ததால் யாருக்கும் விளக்கக் குறிப்பு தேவைப்படவில்லை. 2012-இல் அந்தச் சேவை மூடப்பட்டது. ஆனால் அந்தக் குடும்பத்துச் சேவைகளுக்காகப் பிறந்த சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலப் பட்டன்கள் இன்றும் நம் ரிமோட்டுகளில் இருக்கின்றன, பெரும்பாலும் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாமலே. ஒரு திரையில் பச்சை ‘அடுத்த நாள்’ என்றும், இன்னொரு திரையில் ‘பிடித்தவை’ என்றும் வேலை மாறினால், ஜனங்கள் அந்தப் பட்டனை எங்கேயும் தொடுவதை நிறுத்திவிடுகிறார்கள். நல்ல பட்டன்கள் வீணாய்ப்போன கதை அது.

இனி கட்டத்துக்குள் நுழைவோம். வெளியிலிருந்து பார்க்க எளிமையாகத் தெரியும் இந்த அட்டவணையில் ஒரு பொல்லாத சிக்கல் இருக்கிறது: கட்டங்களின் அகலம் ஒன்றுபோல் இல்லை. ஒரு சேனலில் மூன்று மணி நேரப் படம், அதன் கீழ்ச் சேனலில் அரை மணி நேரத் தொடர்கள் ஆறு, அதற்கும் கீழே ஐந்து நிமிடச் செய்தித் துணுக்கு. ஃபோகஸ் மூன்று மணி நேரப் படத்தின் மேல் இருக்கிறது. பார்ப்பவர் கீழ் அம்பை அழுத்துகிறார். கீழே இருக்கும் ஆறு கட்டங்களில் எதற்குப் போவது? படம் மாலை ஆறு மணிக்குத் தொடங்கியது, இப்போது மணி எட்டு என்றால், படத்தின் தொடக்கத்தைக் கணக்கில் எடுக்கும் மென்பொருள் கீழே ஆறு மணித் தொடருக்கு இறங்கிவிடும். பார்ப்பவர் கேட்டது ‘இதே நேரத்தில் அடுத்த சேனலில் என்ன’ என்பது; கிடைத்தது ஒன்றரை மணி நேரத்துக்கு முன் முடிந்துபோன ஒன்று. கட்டத்தின் நடுப்பகுதியைக் கணக்கில் எடுத்தால் வேறு விதமான தவறு. அதைவிட எரிச்சல், கீழே இறங்கி உடனே மேலே ஏறினால் புறப்பட்ட கட்டத்துக்கே திரும்பாமல் பக்கத்துக் கட்டத்தில் போய் நிற்பது. நாலைந்து முறை ஏறி இறங்கினால் ஆள் இரவு எட்டு மணியிலிருந்து மதியத்துக்கு நழுவியிருப்பார், எப்படி வந்தோம் என்றே தெரியாமல்.

இதற்கு நல்ல தீர்வு உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒரு நேரக் கோட்டை மென்பொருள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வழிகாட்டியைத் திறக்கும்போது அந்தக் கோடு ‘இப்போது’ என்ற நிமிடத்தில் நிற்கும். இடது, வலது அம்புகளை அழுத்தினால் மட்டுமே அது நகரும். மேல், கீழ் அம்புகள் அதைத் தொடவே கூடாது. எந்தச் சேனலுக்குப் போனாலும் அந்தக் கோடு வெட்டிச் செல்லும் கட்டத்தின் மேல் ஃபோகஸ் உட்காரும். அப்படிச் செய்தால் பத்துச் சேனல் இறங்கிப் பத்து ஏறினாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். பார்ப்பவருக்கு இப்படி ஒரு கோடு இருப்பதே தெரியாது; ‘சரியாக வேலை செய்கிறது’ என்பது மட்டும் தெரியும். போன வழியே திரும்பி வர முடிய வேண்டும் என்ற இந்த ஒரே விதியை மற்றப் பட்டன்களுக்கும் நீட்டிப் பார்க்கலாம். ஒரு நிகழ்ச்சியின் விவரத்தைத் திறந்து படித்துவிட்டு ‘பேக்’ அழுத்தினால் அதே வரிசையில் அதே கட்டத்துக்கு வர வேண்டும், பட்டியலின் தலைக்குப் போகக் கூடாது. ‘எக்ஸிட்’ அழுத்தினால் எத்தனை அடுக்கு உள்ளே இருந்தாலும் பார்த்துக்கொண்டிருந்த நிகழ்ச்சிக்கு நேராக வந்துவிட வேண்டும். வழிகாட்டி திறந்திருக்கும்போதும் நிகழ்ச்சியின் ஒலி நிற்காமல், படம் ஓரத்தில் சின்னதாக ஓட வேண்டும். இவை ஓடிக்கொண்டிருந்தால்தான் ‘தொலைந்துவிட மாட்டோம்’ என்ற தைரியம் வரும். தைரியம் வந்தால்தான் ஆட்கள் துழாவிப் பார்ப்பார்கள். ‘எதையாவது அழுத்திக் கெடுத்துவிடுவேன்’ என்று ரிமோட்டைத் தள்ளி வைக்கும் பெரியவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. திரும்பி வரும் வழியை அவர்களுக்கு யாரும் போட்டுத் தரவில்லை.

வேகமும் இதே கணக்கில்தான் சேரும். அழுத்திய பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் திரையில் ஏதாவது அசைந்தால், நாம் அழுத்தியதால்தான் அது அசைந்தது என்று மூளை ஏற்றுக்கொள்கிறது என்பது இத்துறையில் 1960-களிலிருந்தே பேசப்படும் கணக்கு. மலிவான சிப் பொருத்திய செட் டாப் பாக்ஸில் அரை நொடி, ஒரு நொடி தாமதம் சாதாரணம். அழுத்தினோம், ஒன்றும் நடக்கவில்லை, மறுபடி அழுத்தினோம், இரண்டும் சேர்ந்து வேலை செய்து ஒரு கட்டம் தாண்டிப் போய்விட்டது. இதுவும் இடம் மாறுவதுதான். இங்கே காசு செலவழிக்காமலே செய்யக்கூடியது ஒன்றுண்டு: படங்களையும் சேனல் சின்னங்களையும் பிறகு நிதானமாக வரையலாம், ஃபோகஸ் மட்டும் உடனே நகர வேண்டும். வழுக்கிக்கொண்டு வரும் அசைவு அலங்காரங்களைப் போட்டு இந்தப் பத்தில் ஒரு பங்கு நொடியைத் தின்றுவிடுகிற பாக்ஸ்கள் சந்தையில் தாராளமாக இருக்கின்றன.

தமிழ் எழுத்தைத் திரையில் காட்டுவது தனிப் பாடு. டிவித் திரையைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறோம். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், பெரிதாக்கினால் வரிசைகள் குறையும். பழைய டியூப் டிவிகள் படத்தின் ஓரங்களைச் சட்டகத்துக்குள் மறைத்துவிடும் என்பதால் நான்கு பக்கமும் இடம் விட்டே எழுதும் வழக்கம் வந்தது. ஒரு புள்ளி தடிமனான கிடைக்கோடு அவற்றில் நடுங்கும் என்பதால் கோடுகளையும் தடிப்பாகப் போட்டார்கள். ஆங்கிலத்துக்குப் போதுமான வரி உயரம் தமிழுக்குப் போதாது. மேலே புள்ளியும் இகரச் சுழியும், கீழே உகரத்தின் வளைவும் வருவதால் வரிசை உயரமாக வேண்டும். பெயர்களும் நீளம், அரை மணிக் கட்டத்துக்குள் ஒரு தொடரின் பெயர் பாதிதான் அடங்கும். அதோடு எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்பட்டு முன்னால் காட்டப்பட வேண்டியவை. ஒகரத்தின் குறி இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யும் மென்பொருள் பாக்ஸில் இல்லையென்றால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிவிடும். டிஜிட்டல் ஒளிபரப்புக்கான டிவிபி தரநிலை யூனிகோடு எழுத்துகளை அனுப்ப இடம் கொடுக்கிறது. தடை அங்கே இல்லை. இருந்தும் பல பாக்ஸ்களில் தமிழ்த் தொடர்களின் பெயர்கள் ஆங்கில எழுத்தில் வருவதற்கு, எழுத்துரு போட்டுச் சோதிக்கும் சின்னச் செலவைத் தவிர்ப்பதே பெரிய காரணமாகத் தெரிகிறது. ஆங்கிலம் படிக்காதவருக்கு அந்தக் கட்டம் வெறும் கோலம். அவர் மறுபடி சேனல் எண்ணையும் சின்னத்தின் நிறத்தையும் நம்ப வேண்டியதுதான். எண்ணும் சின்னமும் மாறாமல் இருப்பது இவருக்கு வசதி என்பதைத் தாண்டி, டிவி பார்க்கவே வழி.

கட்டங்களை நிரப்பும் தகவல் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்திருப்பது நல்லது. டிடிஎச் ஒருவழிப் பாதை. பாக்ஸ் மேலே கேள்வி அனுப்ப முடியாது. செயற்கைக்கோள் ஒளிபரப்போடு சேர்த்து நிகழ்ச்சிப் பட்டியலும் திரும்பத் திரும்பச் சுற்றில் வந்துகொண்டிருக்கும், பாக்ஸ் அதைக் காத்திருந்து பொறுக்கிக்கொள்ளும். ‘இப்போது, அடுத்து’ என்ற இரண்டு மட்டும் தனிப் பட்டியலாக நொடிக்கு நொடி வரும். வரும் நாட்களுக்கான நீண்ட பட்டியல் மெதுவாக வரும். பாக்ஸைப் போட்டவுடன் இரண்டு கட்டம் நிரம்பி மற்றவை காலியாக இருப்பது இதனால்தான். காலியாக இருப்பதில் பெரிய குற்றம் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தகவல் வந்து விழுந்து, கட்டங்கள் அகலம் மாறி, நம் ஃபோகஸ் வேறெங்கோ தள்ளப்படுவதுதான் குற்றம். தகவல் எப்போது வந்தாலும் ஃபோகஸ் இருந்த சேனலிலும் நேரத்திலும் நிற்க வேண்டும். இன்னொரு குறையை வடிவமைப்பாளரால் தீர்க்க முடியாது: கிரிக்கெட் ஆட்டம் நீண்டுபோனால் அட்டவணை பொய்யாகிவிடும், சேனல்காரர்கள் அனுப்பும் விவரமே ‘திரைப்படம்’ என்ற ஒற்றைச் சொல்லாக இருந்தால் எந்தப் படம் என்று வழிகாட்டி எப்படிச் சொல்லும்? நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் வசதி இந்தத் தகவலை நம்பித்தான் இருக்கிறது. 1999-இல் அமெரிக்காவில் வந்த டிவோ என்ற பதிவுக் கருவி, ஒரு தொடரின் பெயரைச் சொன்னால் அந்த ஆண்டு முழுவதும் அதைத் தேடிப் பதிவு செய்து வைத்ததற்குப் பின்னால், பெயர் மாறாமல் ஒழுங்காக எழுதப்பட்ட பட்டியல்கள் இருந்தன.

இதுவரை சொன்னவை பொறியாளர் கையில் இருப்பவை. எந்தச் சேனல் எந்த இடத்தில் என்பது வியாபாரிகள் கையில் இருக்கிறது. அனலாக் கேபிள் காலத்தில் பல டிவிகள் குறிப்பிட்ட அலைவரிசைகளைத்தான் தெளிவாக வாங்கும். முன்வரிசையில் இடம் பிடிக்கச் சேனல்கள் கேபிள் நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்தன. 2012-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் தொடங்கி டிஜிட்டல் பாக்ஸ் கட்டாயமானபோது எல்லாச் சேனலும் ஒரே தெளிவில் வந்தன, ஆனால் முன்னிடத்தின் மவுசு குறையவில்லை. பட்டியலில் மேலே இருப்பதைத்தான் கை முதலில் தொடுகிறது. பிரிட்டனில் ஸ்கை டிஜிட்டல் என்ற செயற்கைக்கோள் சேவை 1998-இல் தொடங்கியபோது பிபிசி ஒன்றுக்கு 101 என்ற எண் கிடைத்தது. பொதுச்சேவைச் சேனல்களுக்கு வழிகாட்டியில் உரிய முன்னிடம் தர வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டமே சொன்னது. இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017-இல் கொண்டுவந்த விதிகள் வேறு கோணத்தில் இதைத் தொட்டன. பக்தி, பொழுதுபோக்கு, திரைப்படம், செய்தி, விளையாட்டு என்று ஒன்பது வகைகள். ஒரே வகைச் சேனல்கள் அடுத்தடுத்து வர வேண்டும். அந்த வகைக்குள் ஒரே மொழிச் சேனல்கள் சேர்ந்து வர வேண்டும். ஒரு சேனல் ஓரிடத்தில்தான் தோன்ற வேண்டும். கொடுத்த எண்ணைக் குறைந்தது ஓராண்டுக்கு மாற்றக் கூடாது. ஒழுங்குமுறை ஆணையம் எழுதிய விதிகளில் வீட்டு ரிமோட்டின் கட்டைவிரலுக்கு இவ்வளவு நெருக்கமாக வந்தது வேறு இருக்குமா என்பது சந்தேகம். பணம் வேறு வாசல் வழியாக நுழைந்தது என்பது தனிக்கதை. பாக்ஸைப் போட்டவுடன் தானாக வந்து நிற்கும் சேனலை ‘லேண்டிங் பேஜ்’ என்கிறார்கள். அந்த இடத்தை வாங்கிக்கொண்டால் பார்ப்பவர் எண்ணிக்கை தானாக ஏறும். ரேட்டிங் எடுக்கப்படும் சேனல்களை அங்கே வைக்கக் கூடாது என்று டிராய் 2018-இல் உத்தரவிட்டது. தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயம் அடுத்த ஆண்டு அதை ரத்து செய்தது. கடைசியாகப் பார்த்த சேனலில் பாக்ஸ் திறக்க வேண்டும் என்பது பார்ப்பவரின் எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பை விற்கத்தான் அந்த இடம்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். இடம் மாறக் கூடாது என்றால் முதலில் வந்து உட்கார்ந்தவர்களுக்கே லாபம். புதிதாக வரும் சின்னச் சேனல் பட்டியலின் வாலில் கிடந்து அழிய வேண்டியதுதானா? இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பிரிட்டனில் வழிகாட்டி இடங்கள் நிறுவனங்களுக்கிடையே விலைக்குக் கைமாறியதே, பழைய இடத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதைக் காட்டுகிறது. எண்ணையும் பட்டியலின் காட்சியையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் இந்தச் சிக்கல் பாதி தளர்கிறது. எண் நிலையாக இருக்கட்டும். காட்சியை வகைப்படியோ, அகர வரிசையிலோ, தனக்குப் பிடித்த வரிசையிலோ அடுக்கும் உரிமை பார்ப்பவரிடம் இருக்கட்டும். சந்தா கட்டாத சேனல்களை மறைக்கும் வசதி இருந்தாலே பட்டியல் சுருங்கும். நுழைந்து பார்த்துச் ‘சந்தா இல்லை’ என்ற அறிவிப்பை வாங்கிக்கொண்டு திரும்பும் அலைச்சலும் குறையும். புதியவர் முன்னே வர இடம் கிடைக்கும். என் வாதம், பட்டியல் ஒருபோதும் மாறக் கூடாது என்பதில்லை. மாற்றுவது பார்ப்பவராக இருக்க வேண்டும், அவருக்குத் தெரிந்து நடக்க வேண்டும், அவ்வளவே.

அடுத்த மறுப்பு இதைவிட வலுவானது. நானூறு சேனலை எவரும் தேடிப் பார்க்க மாட்டார்கள் என்று நீங்களே சொன்னீர்கள். அப்படியானால் பார்ப்பவரின் ரசனையைக் கற்றுக்கொண்டு மென்பொருளே பரிந்துரைப்பதுதானே வழி? நெட்ஃபிளிக்ஸ் அப்படித்தான் வளர்ந்தது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த கார்லோஸ் கோமஸ்-யுரிபேயும் நீல் ஹன்ட்டும் 2015-இல் வெளியிட்ட கட்டுரையில், சாதாரணச் சந்தாதாரர் 60 முதல் 90 நொடிகள்வரை தேடுவார், பத்து இருபது தலைப்புகளைப் பார்ப்பார், அதற்குள் ஒன்றும் பிடிக்காவிட்டால் ஆர்வம் இழந்துவிடுவார் என்கிறார்கள். மக்கள் பார்க்கும் நேரத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் பரிந்துரைகள் வழியாகவும் மீதி தேடல் வழியாகவும் வருவதாகவும் அதே கட்டுரை சொல்கிறது. ஒன்றரை நிமிடம் என்ற கெடு உண்மை. அதை எந்த வழிகாட்டியும் புறக்கணிக்க முடியாது. ஆனால் இந்தக் கணக்கை அப்படியே டிவிக்குக் கொண்டுவருமுன் இரண்டைக் கவனிக்க வேண்டும். திரைப்படக் கிடங்கில் இருக்கும் படம் நாளையும் இருக்கும். எட்டு மணிச் செய்தி எட்டு மணிக்குத்தான். நேரத்தோடு கட்டப்பட்டதை நேரக்கோட்டில் காட்டுவதே குறுக்கு வழி. இரண்டாவது, பரிந்துரை ஒரு தனி மனிதரைக் கற்றுக்கொள்கிறது. கூடத்து டிவியின் முன்னால் உட்கார்ந்திருப்பது குடும்பம். பேரனின் கார்ட்டூனும் பாட்டியின் பக்திப் பாடலும் கலந்த கணக்கிலிருந்து வரும் பரிந்துரை இரண்டு பேருக்குமே அந்நியமாக இருக்கும். வீட்டில் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். டிவி போடும் ஒவ்வொரு முறையும் ‘யார் பார்ப்பது’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வதும் ஓர் அழுத்துதான். பரிந்துரை வரட்டும், தனி வரிசையில், நிலையான ஓரிடத்தில். அட்டவணையின் வரிசையைத் தினமும் கலைத்துப் போட அதற்கு உரிமை இல்லை.

குரல் வந்துவிட்டது, இனி அம்புக்குறியே வேண்டாம் என்பவர்களும் உண்டு. மைக் பட்டனை அழுத்திப் படத்தின் பெயரைச் சொன்னால் வந்துவிடுகிறது என்பது பெரிய நன்மைதான், அதுவும் திரைக் கீபோர்டில் எழுத்தெழுத்தாக அம்புக்குறியால் தட்டிய கொடுமைக்குப் பிறகு. ஆனால் குரலால் கேட்க, என்ன வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். ‘என்னதான் ஓடுது பார்ப்போம்’ என்று உட்காருகிறவருக்குப் பெயர் ஏதும் கைவசம் இல்லை. குரலின் உண்மையான பயன் எதிர்த்திசையில் இருக்கிறது என்று நினைக்கிறேன்: நாம் பேசுவதைவிட, வழிகாட்டி நம்மோடு பேசுவது. அமெரிக்காவில் 2010-இல் வந்த சட்டம், பார்வையற்றோரும் நிகழ்ச்சி வழிகாட்டியைப் பயன்படுத்த வழி செய்ய வேண்டும் என்றது. காம்காஸ்ட் நிறுவனம் 2014-இல் ஃபோகஸ் நிற்கும் கட்டத்தை உரக்கப் படிக்கும் வழிகாட்டியைக் கொண்டுவந்தது. காதால் கேட்டு நகர்கிறவருக்கு ஒரு பார்வையில் முழுத் திரையையும் அளக்க முடியாது. மூன்று கீழே, ஒன்று வலப்பக்கம் என்று அவர் மனதில் வரைந்து வைத்திருக்கும் படம் ஒன்றே துணை. வரிசை மாறினால் அந்தப் படம் முழுவதும் அழிந்துபோகிறது. கண் பார்வை உள்ளவருக்குச் சின்ன எரிச்சலாகத் தெரிவது அவருக்கு மூடப்பட்ட கதவு. தமிழில் பேசும் வழிகாட்டி பரவலாக வர வேண்டியது, இங்கே இன்னும் அவசரமாகச் செய்ய வேண்டிய வேலை.

கட்ட அட்டவணை கிழவர்களின் சாதனம், இளைஞர்களுக்குத் தேவையில்லை என்ற பேச்சுக்கு இளைஞர்களைக் குறிவைத்த நிறுவனங்களே பதில் சொல்லிவிட்டன. அமெரிக்காவில் 2013-இல் தொடங்கிய புளூட்டோ டிவி, இணையம் வழியாக இலவசமாகச் சேனல்களைத் தருகிறது. விரும்பியதை விரும்பிய நேரத்தில் பார்க்கும் தொழில்நுட்பம் கையில் இருந்தும், அது மக்கள் முன் வைத்தது பழைய கேபிள் டிவியின் அதே கட்டங்களைத்தான். அந்நிறுவனத்தை 2019-இல் வயாகாம் விலைக்கு வாங்கியது. சாம்சங் தன் டிவிகளிலேயே தரும் இலவசச் சேனல் சேவை 2021-இல் இந்தியாவுக்கு வந்தபோதும் சேனல் எண்களும் நேர அட்டவணையுமாகத்தான் வந்தது. தேர்ந்தெடுக்கும் சுமையிலிருந்து தப்பி, ஓடிக்கொண்டிருப்பதில் போய் உட்காரும் ஆசை வயது பார்த்து வருவதில்லை போலும்.

பிரச்சினை இப்போது வேறிடத்துக்கு நகர்ந்திருக்கிறது. ஸ்மார்ட் டிவி உள்ள வீட்டில் ரிமோட் இரண்டு. டிவியை ஆன் செய்ததும் முதலில் வருவது டிவி நிறுவனத்தின் முகப்புத் திரை. செட் டாப் பாக்ஸின் வழிகாட்டி அதற்குப் பின்னால், ‘இன்புட்’ மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது. முகப்புத் திரையில் எந்தச் செயலி முதலில், எந்த விளம்பரம் எவ்வளவு அகலத்தில் என்பது மென்பொருள் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் மாறுகிறது. ரிமோட்டிலேயே ஒரு நிறுவனத்தின் பெயர் பொறித்த பட்டன் வந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிறது. பிரிட்டன் 2024-ஆம் ஆண்டு ஊடகச் சட்டத்தின் வழியாகப் பொதுச்சேவைச் செயலிகளுக்கான முன்னிடத்தை இந்தத் திரைகளுக்கும் நீட்டியிருக்கிறது. நம் 2017-ஆம் ஆண்டு விதிகள் கேபிள், டிடிஎச் விநியோகஸ்தர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. டிவி தயாரிப்பாளரின் முகப்புத் திரை அவற்றின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை: ஆன் செய்ததும் கடைசியாகப் பார்த்த சேனலில் திறக்கும் தேர்வு, சேனல்களுக்கு நேராகக் கொண்டுபோகும் ஒரு பட்டன், வீட்டுக்காரர் அடுக்கி வைத்த வரிசையைப் புதுப்பிப்பு வந்தாலும் கலைக்காத உறுதி. மூன்றுக்கும் தேவையான மென்பொருள் ஏற்கெனவே அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.